அல்ட்ராசவுண்ட் பண்ணி நின்ன கை நடுக்கம் திரும்ப வருது, ஏன்?

வாத்தியார்பொண்ணு
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 67 வயசு, ரிட்டயர்டு வாத்தியார். இருபது வருஷமா ரெண்டு கையும் நடுங்கும், பார்க்கின்சன் இல்ல, எசென்ஷியல் ட்ரெமர்னு சொல்லி மாத்திரை ஓடிட்டிருந்துச்சு. பத்து மாசம் முன்னாடி வலது கைக்கு ஃபோகஸ்டு அல்ட்ராசவுண்ட் பண்ணினோம், அதாவது மண்டைய தொறக்காம ஒலி அலையாலயே மூளைல ஒரு சின்ன எடத்த சுடறது. மொட்டை அடிச்சு ஃப்ரேம் மாட்டி எம்ஆர்ஐக்குள்ள படுக்க வச்சாங்க, முழிச்சிட்டேதான் இருந்தார், வெளிய வந்ததும் ஒரு டம்ளர் தண்ணிய ஒரு சொட்டு சிந்தாம குடிச்சார், அம்மா அங்கயே அழுதுட்டாங்க. கையெழுத்து ஒத்துப்போகலன்னு பேங்க்ல திருப்பி அனுப்பின மனுஷன், மூணு மாசம் செக் செக்கா போட்டுத் தள்ளுனார். இப்ப காப்பி ஆத்தும்போது டம்ளர் டபராவுல இடிச்சு டிங் டிங்னு சத்தம் வருது, அடுத்த ரூம்ல இருக்கற எனக்கே கேக்குது. சுட்ட எடம் திரும்ப முளைச்சுடுமா? அங்க கேட்டா சிலருக்கு அப்படித்தான்னு முடிச்சுட்டாங்க.

காந்தக்குகை
ஸ்கேன் சென்டர்ல எம்ஆர்ஐ ஓட்டறவன், டாக்டர் இல்ல, அத மனசுல வச்சுட்டு படிங்க.

செத்த செல் முளைக்காதுங்க. மூளை நடுவுல இருக்கற தலாமஸ்ல விம்னு சின்ன எடம், அங்க 1024 முனையிலருந்து வர்ற ஒலி அலை ஒண்ணா குவிஞ்சு 55, 60 டிகிரி வரைக்கும் சூடாக்குது, அந்த சில மில்லிமீட்டர் திசு செத்துடும். ஆனா அத சுத்தி வீக்கம் வரும்ல, அதுவும் நடுக்க சர்க்யூட்ட அமுக்கி வச்சிருக்கும். வீக்கம் சில வாரத்துல வடிஞ்சுடும், வடிஞ்சதுக்கப்புறம் நிஜமாவே சுட்ட எடம் எவ்ளோன்னு தெரியும். அது சின்னதா இருந்தாலோ ஒரு ரெண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தாலோ நடுக்கம் மெல்ல எட்டிப் பாக்கும். விம் சாதாரண எம்ஆர்ஐல தனியா கோடு போட்ட மாதிரி தெரியாது, கணக்குப் போட்டுத்தான் குறி வைக்கணும், அதான் நடுநடுல நிறுத்தி, நடுக்கம் குறையுதான்னு பாக்க பேப்பர்ல சுழி வரையச் சொல்றது. பெருசா சுட்டுட வேண்டியதுதானேன்னு தோணும், சுட்டா வாய் மரத்துப்போகும், நடை தள்ளாடும், அதனால ஒரு பயத்தோடதான் செய்வாங்க.

இன்னொண்ணு மண்டை ஓடு. சிலருக்கு எலும்போட வாகு அலைய உள்ள விடாது, எவ்ளோ பவர் ஏத்துனாலும் தேவையான சூடு வராது. இதுக்குத்தான் முன்னாடியே சிடி எடுத்து எலும்போட அடர்த்தி விகிதம்னு ஒண்ணு பாப்பாங்க, 0.4க்கு கீழ போனா யோசிப்பாங்க. அப்பாவுக்கு எவ்ளோன்னு ரிப்போர்ட்ல இருக்கும், வாங்கிப் பாருங்க.

மேட்டுத்தெரு_மணி
எங்கம்மாவுக்கும் இதே கததான், ஆனா ஆறாவது வாரமே திரும்பிடுச்சு. உங்களுக்கு மூணு மாசம் நல்லா இருந்துருக்குன்னா வீக்கம் மட்டும் காரணமா இருக்காதுன்னு தோணுது. 2016ல வந்த பெரிய ஆய்விலயே மூணு மாசத்துல 47 சதவீதம் குறைஞ்சது வருஷக் கடைசில 40 ஆயிடுச்சு, அதாவது சுத்தமா நின்னு போறதுன்னு யாரும் சொல்லவே இல்ல, நம்மதான் அந்த முதல் நாள் தண்ணி டம்ளர நெனச்சுட்டே இருக்கோம். நோய் உள்ள ஓடிட்டேதான் இருக்கும், இவங்க வெட்டி விட்டது ஒரு வயர மட்டும்.

ஒண்ணு பண்ணுங்க சிஸ், இடது கைய பாருங்க. அதுக்கு யாரும் ஒண்ணும் பண்ணல இல்ல? வலது மட்டும் மோசமாச்சுன்னா சுட்ட எடத்துல விஷயம். ரெண்டுமே சேந்து ஏறிருந்தா வேற ஏதோ ஏத்தி விடுது, மாத்திரை, தைராய்டு, தூக்கம், காப்பி. அவர் பழைய சுழி வரைஞ்ச பேப்பர் இருக்குல்ல, அது பக்கத்துலயே மாசா மாசம் ரெண்டு கையாலயும் வரைய வைங்க. நம்ம கண்ணு பொய் சொல்லும்.

அஞ்சாம்நம்பர்பஸ்
இதுக்குத்தான் நான் டிபிஎஸ் போட்டேன், மூளைல கம்பி, நெஞ்சுல பேட்டரி. நடுக்கம் ஏறுனா கரண்ட்ட கூட்டிக்கலாம், சுட்டத கூட்ட முடியுமா? ஆனா பெருமையா சொல்ல முடியல, நாலு வருஷத்துல மூளை பழகிடுச்சு, முன்னாடி மாதிரி கேக்கல. உங்கப்பாவுக்கும் அந்த வழி அடைபடல, அல்ட்ராசவுண்ட் பண்ணவங்களுக்கும் டிபிஎஸ் வைக்கறாங்க, சிலருக்கு ரெண்டாவது தடவை சுடறதும் உண்டு. அவசரப்படாதீங்க.

வாத்தியார்பொண்ணு
மணி அண்ணா, பேப்பர தேடி எடுத்தேன், ஃபைலுக்குள்ளயே இருந்துச்சு. நேத்து வரைய வச்சா இடது கை முன்னாடிய விட ரொம்ப மோசம், சுழி மாதிரியே இல்ல, ரம்பப்பல்லு. வலது லேசா அலையுது, ஆனா ஆபரேஷனுக்கு முந்தின பேப்பரோட வச்சுப் பாத்தா இன்னும் எவ்ளவோ மேல்! அப்புறம் அம்மாதான் சொன்னாங்க, ரெண்டு மாசமா இழுப்புக்கு சால்பூட்டமால் இன்ஹேலர் போடறார், அதுக்காக நடுக்கத்துக்கு போட்டுட்டிருந்த ப்ரோப்ரனலால் மாத்திரையையும் நிறுத்திருக்காங்க. எனக்கு யாரும் சொல்லல.

காந்தக்குகை
அட, இன்ஹேலர் போடறது, மாத்திரைய நிறுத்துனது, ரெண்டுமே கைய ஆட வைக்கும். ஆனா இழுப்பு இருக்கறவருக்கு அந்த மாத்திரை ஆகாது, நீங்களா திரும்ப ஆரம்பிச்சுடாதீங்க, இன்ஹேலரையும் நிறுத்திடாதீங்க. நியூரோ டாக்டர், நெஞ்சு டாக்டர் ரெண்டு பேருக்கும் ரெண்டு சீட்டையும் காட்டுங்க. புது எம்ஆர்ஐ ஒண்ணும் கேளுங்க.

வாத்தியார்பொண்ணு
டிங் டிங் இன்ஹேலருக்கு முன்னாடியே லேசா ஆரம்பிச்சுடுச்சுன்னு அம்மா சொல்றாங்க, அதனால கொஞ்சம் இது கொஞ்சம் அதுன்னுதான் தோணுது. வெள்ளிக்கிழமை அப்பாயின்ட்மென்ட். இடது கைக்கும் பண்ணலாமான்னு அப்பாவே கேக்கறார். மொட்டை மட்டும் வேணாமாம்.