செல்ஃப் செக்அவுட்டுக்குத் தமிழ் – 'தன்னிரவல்' சரியா?

வணக்கம். எங்க யுனிவர்சிட்டி லைப்ரரில கோஹாங்கிற லைப்ரரி சாஃப்ட்வேர் போட்டு, கவுன்டருக்குப் போகாம நாமளே புக் எடுத்துக்கற ஆர்எஃப்ஐடி கியோஸ்க் மெஷினும் வெச்சாச்சு, ஸ்கிரீன்ல வர்ற தமிழை நான்தான் எழுதணும், திங்கட்கிழமைக்குள்ள கொடுத்தாகணும். செல்ஃப் செக்அவுட்டுக்கு 'தன்னிரவல்'னு போட்டிருக்கேன். முன்னாடி கவுன்டர்ல அண்ணன் டியூ டேட் சீல் குத்திக்கிட்டே "இதோட ரெண்டாம் பாகம் மேல் ரேக்ல இருக்கு"ம்பார். இப்ப பேசறது ஸ்கிரீன் மட்டும்தான். போன வாரம் ஒரு பொண்ணு, ஃபைன் பாக்கின்னு தெரியாம, "பரிவர்த்தனை தோல்வி"ன்னு வந்ததும் புக்கை அங்கயே வெச்சுட்டுப் போயிடுச்சு.

> தன்னிரவல்

வேண்டாம் தம்பி. இரவலுக்கு வேர் 'இர', கையேந்தறது. "ஈயென இரத்தல் இழிந்தன்று", அதாவது கொடுன்னு இரக்கறது இழிவு, புறநானூறு 204. படிக்க வர்ற பிள்ளை எதுக்கு இரக்கணும்? குறள் 221ல 'குறியெதிர்ப்பை' இருக்கே, அளவு குறிச்சு வாங்கி அதே அளவு திருப்பறது. கோஹாவே நியூசிலாந்துப் பழங்குடி மொழியான மாவோரில கொடைன்னு அர்த்தம், வாங்கினவர் பதிலுக்குச் செய்யணும்கிற எண்ணமும் அதுக்குள்ள உண்டு. நியூசிலாந்துக்காரங்க 2000லயே அந்த சாஃப்ட்வேருக்குத் தங்களோட மண்ணுச் சொல்லைத் துணிஞ்சு வெச்சு ஓட்டிட்டாங்க. நாம 'தற்குறியெதிர்ப்பை'ன்னு வெப்போம்.

> தற்குறியெதிர்ப்பை

ஐயா, தற்குறி எண்டா எழுத்து வாசிப்புத் தெரியாத ஆள் எல்லோ, நூலகத்தில அந்தச் சொல்லோட தொடங்கலாமே? குறியெதிர்ப்பை அரிசிக்குச் சரி, திரும்பி வாறது வேற அரிசி. புத்தகம் அதே புத்தகமா வரவேணும். இஞ்ச கனகாலமா 'இரவல் வழங்கும் பகுதி' எண்டுதான் பலகையில கிடக்கு, ஒருத்தரும் கூசேல்லை.

பெயர்ச்சொல்லை விடுங்க, வினையைப் பாருங்க. ஸ்கிரீன் கார்டைக் கேக்கறப்ப 'கொடு'வா 'தா'வா? ஈ இழிந்தோன் கூற்று, தா ஒப்போன் கூற்று, கொடு உயர்ந்தோன் கூற்றுன்னு தொல்காப்பியம் பிரிச்சு வெச்சிருக்கு. மாணவரைவிட மெஷின் உசந்ததில்ல, அதனால 'கார்டைத் தாங்க'தான்.

எல்லாருக்கும் நன்றி. 'தாங்க' எடுத்துக்கிட்டேன். தலைப்புல 'தன்னிரவல்', பெரும்பாலானவங்க சரின்னுட்டீங்க. பட்டன்ல 'புத்தகம் எடுக்க', 'புத்தகம் திருப்ப'. தோல்வி வரியைத் தூக்கிட்டு "ஃபைன் பாக்கி இருக்கு, கவுன்டருக்கு வாங்க"ன்னு மாத்திட்டேன், அங்க அண்ணன் இருக்கார்.

> புத்தகம் எடுக்க

எனக்கு உடன்பாடில்லை. ரேக்லேர்ந்து உருவறதும் எடுக்கறதுதானே, வீட்டுக்குக் கொண்டுபோறதை அது எங்க சொல்லுது? 'தற்' தப்புதான், ஒத்துக்கறேன். குறியெதிர்ப்பையை விடமாட்டேன், பரிமேலழகர் உரையோட நாளைக்கு வர்றேன்.