ஏர்போர்ட் பக்கத்துல வீடு, தூக்கமே இல்ல. சட்டத்துல ஏதாவது வழி இருக்கா? (அவசரம்)

கொருக்குப்பேட்டை கேட்
வணக்கம். வந்து 19 நாள் ஆச்சு. ஏர்போர்ட் பக்கம்னு தெரிஞ்சுதான் வீடு எடுத்தோம், இவ்ளோ பக்கம்னு தெரியாது. ஒண்ணரை நிமிஷத்துக்கு ஒண்ணு தலைக்கு மேல இறங்குது. சக்கரம் மட்டுமில்ல, சக்கரத்துல இருக்கிற அழுக்குகூட தெரியுது. ரசம் கிண்ணத்துல வட்டம் வட்டமா அலை அடிக்குது. ரயில்வே கேட் பக்கத்துலயே பொறந்து வளர்ந்தேன், கூட்ஸ் வண்டி ஷன்டிங் சத்தம்தான் எனக்குத் தாலாட்டு. எனக்கே இது முடியல. நேத்து வேலையில ஒரு பெரிய தப்பு நடந்திருக்கும், கூட இருந்தவங்க பார்த்துத் தடுத்துட்டாங்க. யார் மேல கேஸ் போடணும்? வீட்டைக் காலி பண்ணா டெபாசிட் போயிடுமா? ப்ளீஸ், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பேசின்பிரிட்ஜ் டு பிராங்க்ஃபர்ட்
தம்பி, பயப்படாத. சட்டம் உன் பக்கம்தான். இங்க ராத்திரி 11-லேருந்து காலை 5 வரைக்கும் ஷெட்யூல் போட்ட விமானமே கூடாது. 2011 அக்டோபர்ல புது ஓடுபாதை திறக்கப்போற நேரத்துல காஸல் கோர்ட் தடை போட்டுச்சு, 2012 ஏப்ரல்ல லைப்ஸிக் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணிடுச்சு. விமானச் சத்தத்துக்குன்னே 1971-லேருந்து தனிச் சட்டம் இருக்கு, 2007-ல இன்னும் இறுக்கினாங்க. ராத்திரிச் சத்தம் அதிகம்னு குறிச்சு வச்ச இரவு மண்டலத்துக்குள்ள வீடு இருந்தா பெட்ரூம் ஜன்னலை மாத்துற காசு ஏர்போர்ட் கைலேருந்து வரும். என்ன, அது ஓனருக்குத்தான். நான் வந்த முதல் குளிர்காலத்துல ஹீட்டர் வேலை செய்யாம மூணு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுப் படுத்தேன். ஓனர் கிழவி பார்த்துட்டுச் சிரிச்சா. இதெல்லாம் கடந்து வரணும்.

ராயபுரம் ரவுண்டானா (லண்டன், 18 வருஷம்)
ஜெர்மனி அண்ணே, அவர் எந்த நாடுன்னே சொல்லல, நீங்க தீர்ப்பே எழுதிட்டீங்க. இங்கிலாந்தா இருந்தா கேஸை மறந்துடு தம்பி. 1982 சிவில் ஏவியேஷன் சட்டம், 76-வது பிரிவு. விதிப்படி, நியாயமான உயரத்துல பறக்கிற விமானம் மேல தொந்தரவு வழக்கு போட முடியாது. கவுன்சிலுக்கு எழுதுனாலும் நடக்காது. 1990 சுற்றுச்சூழல் சட்டத்துல சத்தத் தொந்தரவுன்னு ஒரு பட்டியல் இருக்கு. பக்கத்து வீட்டுப் பாட்டு, நாய், மெஷின்னு எல்லாம் அதுல வரும். விமானம் மட்டும் விதிவிலக்கு. அதுலயும் ஒரு கூத்து பாரு, பசங்க விடுற மாடல் விமானத்து மேல புகார் கொடுக்கலாம், ஜம்போ மேல கொடுக்க முடியாது!

ஹீத்ரோ பக்கத்து ஜனங்க ராத்திரி விமானத்தை எதிர்த்து ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமைக் கோர்ட் வரைக்கும் போனாங்க. 2001-ல ஜெயிச்சாங்க. 2003-ல பெரிய பெஞ்ச் அதைத் திருப்பிடுச்சு. உள்ளூர்க் கோர்ட்டுல முறையிட சரியான வழி இல்லாம இருந்தது தப்புன்னு மட்டும் ஒத்துக்கிட்டாங்க. நான் வந்தப்ப ஈஸ்ட் ஹாம்ல ஒரே ரூம்ல ஆறு பேரு, ஷிஃப்ட் போட்டுத் தூங்குவோம். அப்ப விமானம் யாருக்குக் கேட்டுச்சு?

சிட்னி சிந்தாதிரிப்பேட்டை
ஆறு பேரு கதையை நீங்க சொல்றது இது நாலாவது தடவை. எங்க ஊர்ல 1995-லேயே விமானத்துக்கு ஊரடங்குச் சட்டம் வந்துடுச்சு, ராத்திரி 11-லேருந்து காலை 6 வரைக்கும். மணிக்கு 80 விமானத்துக்கு மேல ஏறி இறங்கக் கூடாதுன்னு 1997-ல இன்னொரு சட்டம். ஊரடங்கு நேரத்துலயும் சின்னச் சரக்கு விமானம், ஆம்புலன்ஸ் விமானம் வரும், அது வேற. காதுல பஞ்சு வைங்க, பழகிடும். எனக்கு ரெண்டே மாசத்துல பழகிடுச்சு.

பேசின்பிரிட்ஜ் டு பிராங்க்ஃபர்ட்
பழகாது. எனக்கு ஒம்பது வருஷம் ஆச்சு, இன்னும் காலை 5 மணி முதல் விமானத்துக்கு முழிச்சிக்கிறேன்.

வண்ணாரப்பேட்டை வாத்யார்
நான் வெளிநாடெல்லாம் போகல, சும்மா படிக்கிற ஆளு. இங்க 2000-ல வந்த சத்தக் கட்டுப்பாட்டு விதிப்படி குடியிருப்புப் பகுதியில ராத்திரி 45 டெசிபல்தான் இருக்கணும். எண்ணூர் ரோட்டுல ஹார்பருக்குப் போற கண்டெய்னர் லாரிக்கு யார் போய் சொல்றது? உங்களுக்காவது விமானம் போயிடுது. இங்க லாரி நின்னுக்கிட்டே ஹாரன் அடிக்கிறான்.

ராயபுரம் ரவுண்டானா
வாத்யாரே, ஊர்ல ஹாரன் அடிச்சா பதிலுக்குத் திட்டவாவது முடியும். இங்க வாடகையைக் கேட்டாலே தூக்கம் போயிடும். டாக்டர் அப்பாயின்ட்மென்டுக்கு மூணு வாரம். கறிவேப்பிலை பத்து இலை ஒரு பவுண்டு.

சிட்னி சிந்தாதிரிப்பேட்டை
கறிவேப்பிலை தொட்டியிலயே வளருமே.

ராயபுரம் ரவுண்டானா
லண்டன்லயா? ஜனவரியில வந்து பாருங்க.

பெரம்பூர் லோகோ
எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்கப்பா, கேட்ட ஆள் காத்துக்கிட்டிருக்காரு. கேட், மூணு விஷயம் சொல்லுங்க. எந்த நாடு, எந்த ஏரியா? வாடகையா, சொந்தமா? எந்த நேரத்துல தூங்க முடியல?

கொருக்குப்பேட்டை கேட்
மன்னிச்சுக்கங்க, அதையே சொல்லல பாருங்க. லண்டன், ஹீத்ரோ பக்கம், கிரான்ஃபோர்டு. வாடகை வீடு. நான் நர்ஸ், இந்த மாசம் நைட் ட்யூட்டி. காலையில 9 மணிக்கு வந்து படுத்தா சாயங்காலம் 4 மணி வரைக்கும் தூங்கணும். அப்புறம், தம்பி இல்லண்ணா, தங்கச்சி.

பேசின்பிரிட்ஜ் டு பிராங்க்ஃபர்ட்
அட, பகல் தூக்கமா! நான் சொன்ன இரவுத் தடையெல்லாம் வீண். மன்னிச்சுக்கோம்மா.

பெரம்பூர் லோகோ
பகல்னா கதையே வேற. ஹீத்ரோவுல இரவுக்குத்தான் எண்ணிக்கைக் கட்டுப்பாடு. ராத்திரி 11:30-லேருந்து காலை 6 வரைக்கும் வருஷத்துக்கு 5,800 விமானம்தான், நாளுக்குச் சுமார் 16. அது போக, ஒவ்வொரு ரகத்துக்கும் சத்தத்துக்கு ஏத்த புள்ளி உண்டு, 3 டெசிபல் கூடுனா புள்ளி ரெட்டிப்பு. அதெல்லாம் நீங்க வார்டுல இருக்கிற நேரம்.

உங்களுக்கு வேண்டியது ஓடுபாதை மாத்துற அட்டவணை. ரெண்டு ஓடுபாதை இருக்கு. வருஷத்துல பெரும்பாலான நாள் மேற்குக் காத்து, அப்ப விமானம் கிழக்கேயிருந்து, லண்டன் மேல வந்து இறங்கும். வடக்கு ஓடுபாதையில இறங்கினா உங்க தலைமேல, தெற்குல இறங்கினா ஹவுன்ஸ்லோகாரங்க தலைமேல. ஒரே பக்கத்து ஜனம் நாள் பூரா அவதிப்படக் கூடாதுன்னு மத்தியானம் 3 மணிக்கு மாத்துவாங்க. இந்த வாரம் 3 மணி வரைக்கும் வடக்குன்னா, அடுத்த வாரம் 3 மணி வரைக்கும் தெற்கு. ஏர்போர்ட் வெப்சைட்டுல வருஷத்துக்கான அட்டவணை போட்டிருப்பாங்க. காலை 6-லேருந்து 7 வரைக்கும் மட்டும் ரெண்டுலயும் இறக்கலாம், அதைக் கணக்குல எடுக்காதீங்க.

கிழக்குக் காத்து அடிச்சா விமானம் மேற்கேயிருந்து இறங்கி கிழக்கே கிளம்பும், அப்ப உங்களுக்கு யோகம். 1952-லேயே கிரான்ஃபோர்டு ஜனங்களுக்கு வாய்வார்த்தையா ஒரு உறுதி கொடுத்தாங்க, வடக்கு ஓடுபாதையிலேருந்து கிழக்கே, உங்க வீடுங்க மேல கிளப்பறதைத் தவிர்க்கிறதா. 2009-ல அரசு அதை முடிச்சுக்கிறோம்னு சொல்லிடுச்சு. ஆனா மாத்தி ஓட்டத் தேவையான கட்டுமான வேலை இழுத்துக்கிட்டே போனதால பல வருஷம் பழைய வழக்கமே நடந்துச்சு. எழுதி வைக்காத வார்த்தை அரை நூற்றாண்டைத் தாண்டி நின்னிருக்கு!

அப்புறம் ஜன்னல். ஓர ரப்பரை விரலால அழுத்திப் பாருங்க, கல்லு மாதிரி இருந்தா போச்சு. ஒரு ஊதுபத்தி ஏத்தி ஓரமா மெதுவா நகர்த்துங்க, புகை எங்க சாயுதோ அங்கதான் சத்தமும் நுழையுது. ஸ்மோக் அலாரம் கத்தும், பார்த்து. விமானத்துக்கு ஓனர் பொறுப்பில்ல, ஆனா பழுதான ஜன்னலைச் சரி பண்றது 1985 வாடகைச் சட்டம் 11-வது பிரிவுப்படி அவர் வேலை. சத்தம்னு எழுதாதீங்க, ஜன்னல் சரியா மூடலன்னு எழுதுங்க. ஏர்போர்ட்டோட ஒலித்தடுப்புத் திட்டத்துல உங்க போஸ்ட்கோடு வருதான்னும் ஏஜென்டைப் பார்க்கச் சொல்லுங்க.

டெபாசிட்டுக்கு ரவுண்டானா அண்ணன் காலத்துக் கதையை நம்பாதீங்க. வாடகைச் சட்டம் மாறிக்கிட்டே இருக்கு. ஒப்பந்தத்தை எடுத்துக்கிட்டு சிட்டிசன்ஸ் அட்வைஸ்னு ஆலோசனை சொல்ற ஆபீஸுக்குப் போங்க, அவங்க காசு வாங்க மாட்டாங்க.

ராயபுரம் ரவுண்டானா
என் கதையில என்னய்யா குறை கண்ட. தங்கச்சி, வேலையில தப்பு நடக்க இருந்துச்சுன்னு சொன்னியே, அதை மறைக்காத. வார்டு மேனேஜர்கிட்ட நீயா போய்ச் சொல்லிடு. வேலை செய்யறவங்க உடல்நலத்தைப் பார்க்க ஆகுபேஷனல் ஹெல்த்னு ஒரு பிரிவு இருக்கும், அங்கயும் போ. புதுசா வந்தவங்க பயந்து வாயைத் திறக்காம இருந்துதான் மாட்டுறாங்க. என் பொண்டாட்டியும் நர்ஸ்தான்.

கொருக்குப்பேட்டை கேட்
அண்ணா, அட்டவணை பார்த்தேன். இந்த வாரம் 3 மணி வரைக்கும் எங்க பக்கம், அதான் இப்படி. அடுத்த வாரம் காலையில தெற்குப் பக்கம். 9-லேருந்து 3 வரைக்கும் ஆறு மணி நேரம் கிடைச்சாலே எனக்குப் போதும். ஊதுபத்தி வச்சேன், அலாரம் கத்தி மாடிவீட்டு அம்மா இறங்கி வந்துட்டாங்க. கீழ் வலது மூலையில புகை அப்படியே உள்பக்கம் படுத்துச்சு. வீடியோ எடுத்து ஏஜென்டுக்கு அனுப்பிட்டேன். நைட் ட்யூட்டியை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் கேட்கலாமா? என்னன்னு எழுதுறது?

பெரம்பூர் லோகோ
தாராளமா கேளுங்க. மூணு வரி போதும். பகல்ல தூங்க முடியல, அதனால நோயாளி பாதுகாப்புக்கு ஆபத்துன்னு முதல் வரி. இந்தத் தேதியிலேருந்து இந்தத் தேதி வரைக்கும் நைட் கொடுத்தா தூங்க முடியும்னு ரெண்டாவது. அட்டவணையை இணைச்சிருக்கேன்னு மூணாவது. அடுத்த ரோஸ்டர் மூடுறதுக்கு முன்னாடி அனுப்பிடுங்க, நாளைக்கு வெள்ளிக்கிழமை.