ஜெப ஆலயத் தரையில் சூரியத் தேர்: உருவத் தடை எங்கே போனது?

கேள்வி
வானத்திலும் பூமியிலும் உள்ள எதன் உருவத்தையும் செய்யாதே என்கிறது விவிலியத்தின் யாத்திராகமம் 20:4. இஸ்ரேலின் பெத் ஆல்ஃபாவில் உள்ள ஜெப ஆலயத்தின் (யூதர் தொழுமிடத்தின்) மொசைக் தரையிலோ நான்கு குதிரைத் தேரில் சூரியன், சுற்றிலும் பன்னிரண்டு ராசிகள்! 6-ஆம் நூற்றாண்டு வேலை. கட்டியவர்களுக்குச் சட்டம் தெரியாதா?

பதில் 1
தெரியும். அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: வணங்காதே. யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், சிலை வழிபாட்டைப் பற்றிய அவோதா ஸாரா நூல் இதை நுணுக்கமாகப் பிரிக்கிறது. எல்லாச் சிலைக்கும் தடை என்கிறார் ரப்பி (யூதச் சமய ஆசிரியர்) மெயிர். மற்ற ரப்பிகளோ கையில் கோல், பறவை, உருண்டை இவற்றில் ஒன்று இருந்தால்தான் தடை என்கிறார்கள் (3:1).

வணங்கப்பட்ட சிலையின் தெய்வத்தன்மையை நீக்கவும் வழி உண்டு (4:5). காது நுனி, மூக்கு நுனி, விரல் நுனி, ஏதாவது ஒன்றை வெட்டினால் போதும். எதுவும் உடையாமல் அடித்து நசுக்கினாலும் செல்லும். காறித் துப்பினாலோ தரையில் இழுத்தாலோ செல்லாது. பலரும் தவறவிடுவது இது: புறமதத்தவர் சிலையை யூதர் வெட்டினால் பயனில்லை, புறமதத்தவரே வெட்ட வேண்டும்.

கேட்டவர்
ஹம்மத் திபேரியா ஜெப ஆலயத் தரையில் சூரியன் கையில் உருண்டை இருக்கிறதே? 3:1-படி அதற்குத் தடை அல்லவா?

பதில் 2
நல்ல கேள்வி. 3:1 பேசுவது சிலைகளைப் பற்றி. தரைக்கு லேவியராகமம் 26:1-தான் பொருத்தம். அதற்கு அரமேய மொழியில் ஒரு தர்கூம் (விளக்கத்தோடு கூடிய மொழிபெயர்ப்பு), உருவம் செதுக்கிய கல்லைத் தொழுமிடத் தரையில் பதிக்கலாம், ஆனால் அதை வணங்கக் கூடாது என்று விரித்துச் சொல்கிறது. மிஷ்னாவுக்கு ரப்பிகளின் விளக்கமான எருசலேம் தால்முத்தின் ஒரு கைப்பிரதியில் இன்னும் தெளிவு: ரப்பி யோகனான் நாளில் சுவரில் ஓவியம் தீட்டத் தொடங்கினார்கள், அவர் தடுக்கவில்லை, ரப்பி ஆபூன் நாளில் மொசைக்கில், அவரும் தடுக்கவில்லை. யோகனான் 3-ஆம் நூற்றாண்டுக்காரர். சிரியாவின் தூரா யூரோபோஸ் ஜெப ஆலயச் சுவர்களில் மோசேயையும் எசேக்கியேலையும் தீட்டியதும் அதே நூற்றாண்டில், 244/245-இல்.

பதில் 3
காலத்தைக் கலக்காதீர்கள். முதல் நூற்றாண்டு மனநிலையே வேறு. ரோம ஆளுநர் பிலாத்து, பேரரசர் உருவம் பொறித்த படைக்கொடிகளை எருசலேமுக்குள் கொண்டுவந்தபோது, மக்கள் அவர் இருந்த செசரியாவுக்கே போய், வெட்டுங்கள் என்று கழுத்தை நீட்டினார்கள். அவர் கொடிகளைத் திரும்பப் பெற்றார். அப்போதும் எருசலேம் ஆலய வரிக்கு வாங்கியது மெல்கார்த் தெய்வத்தின் தலை பொறித்த தீரு நகரின் வெள்ளிக்காசுதான். வெள்ளியின் தரம் அங்கே முக்கியமாக இருந்தது.

பிற்காலத்திலும் எல்லா ஊரும் ஒரே வழியில் போகவில்லை. எரிகோ அருகே நாரான் ஜெப ஆலயத்தில் ராசி உருவங்களைக் கவனமாகப் பெயர்த்தெடுத்துவிட்டு, எபிரேய எழுத்துகளை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறார்கள்.