மறு: ஃபிளமென்கோ ‘பாலோ’வுக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

தென் ஸ்பெயினின் ஃபிளமென்கோ இசையில் ஒவ்வொரு பாட்டு வகையையும் ‘பாலோ’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> பாலோவை ‘ராகம்’ என்றே எழுதிவிடலாம். வாசகருக்கு உடனே புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். தென் ஸ்பெயினின் அந்தலூசியப் பாடகர் ஒருவர் ‘சோலெயா’ என்று ஒரு பாலோவின் பெயரைச் சொன்னதுமே சுரம், தாளம், வேகம், பாட்டின் உணர்ச்சி எல்லாம் சேர்ந்தே முடிவாகிவிடுகின்றன.

சோலெயாவையும் புலேரியா என்ற இன்னொரு பாலோவையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் சுர அமைப்பும் ஒன்றுதான், நம் தோடியின் சுரங்களுக்கு நெருக்கமானது. இரண்டுக்கும் 12 எண்ணிக்கைச் சுற்று. அழுத்தம் 3, 6, 8, 10, 12 இல் விழும். கைதட்டிப் பாருங்கள்: முதல் எண்ணிக்கை அழுத்தமில்லாமல் போகும், மூன்றில்தான் தட்டு. முன்பாதி மும்மூன்றாக நடக்கும், பின்பாதி இரண்டிரண்டாக நெருங்கும். சோலெயாவில் இது நிதானமாக, கனமாக வரும். புலேரியாவில் அதே சுற்று பறக்கும். கொண்டாட்டம் களைகட்டியதும் எல்லோரும் வட்டமாக நின்று தட்ட, ஒவ்வொருவராக நடுவே வந்து ஆடுவது அதற்குத்தான். ‘ராகம்’ என்றால் இவ்விரண்டையும் எப்படிப் பிரிப்பது? சரி, ‘தாளம்’ என்று போட்டால் அலெக்ரியாஸ் என்ற பாலோ இடிக்கிறது. அதுவும் 12தான், ஆனால் சங்கராபரணச் சுரங்கள்.

> ‘பண்’?

எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் ராகத்துக்குச் சொன்ன தடை இதற்கும் உண்டு. தவிர, பாலோவில் தொழிலும் வாழ்க்கையும் சேர்ந்தே வருகின்றன. தரந்தா என்பது அல்மெரியா, லினாரெஸ் ஊர்ப்பக்கத்துச் சுரங்கத் தொழிலாளர் பாட்டு. மார்தினெத்தே கொல்லுப்பட்டறைப் பாட்டு, கிதார் கிடையாது. சிறைப்பாட்டான கார்செலெராவுக்கும் கிதார் கிடையாது. 1749 இல் ஆறாம் ஃபெர்நாந்தோவின் அரசு ஹித்தானோ மக்களை (ஸ்பெயினின் ரோமா இனத்தவரை) ஊர் ஊராக வளைத்துப் பிடித்தது. ஆண்களில் பலரைக் காதிஸ் அருகிலுள்ள லா கர்ராக்கா போன்ற கப்பல் தளங்களில் கட்டாய வேலைக்கு அனுப்பியது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு கார்செலெராவை வெறும் சுரவரிசையாகக் கேட்க என்னால் முடியவில்லை.

என் பரிந்துரை ‘பாட்டுக்கிளை’. பாலோ என்றால் ஸ்பானிய மொழியில் கம்பு, கழி. ஃபிளமென்கோவை ஒரு மரமாக வரைந்து பாலோக்களைக் கிளைகளாகக் காட்டும் வழக்கம் அங்கேயே உண்டு. வெறும் ‘கிளை’ வேண்டாம். இணை, கிளை, பகை, நட்பு என்று நம் இசையிலக்கணம் நரம்புகளின் (சுரங்களின்) உறவைச் சொல்வதால் குழப்பம் வரும். ‘பாட்டுக்கிளை’யில் அந்தச் சிக்கல் இல்லை, மேலும் சொற்களைக் கட்டவும் வசதி. ஊர்ப்பெயரால் வழங்கும் திரியானா சோலெயா, அல்கலா சோலெயா போன்றவை உட்கிளைகள். கியூபா வரை போய் உருமாறித் திரும்பிய குவாஹிரா போன்றவற்றை அவர்களே ‘போய்வந்த பாட்டுகள்’ என்கிறார்கள்; நாம் ‘போய்வந்த கிளைகள்’ எனலாம்.

ஆட்டத்துக்கும் கிதாருக்கும் பாலோ உண்டே, ‘பாட்டு’ எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். பாட்டையே மூலமாகக் கொள்வது ஃபிளமென்கோ மரபு. தனிக்கிதார் வாசிப்பவரும் ‘சோலெயா வாசிக்கிறேன்’ என்றுதான் சொல்கிறார். அதனால் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

அடுத்து ‘கொம்பாஸ்’, அதாவது மேலே சொன்ன 12 எண்ணிக்கை போன்ற சுற்று. அதற்குத் ‘தாளச்சுற்று’ சரியா? சீகிரியா என்ற பாலோ அதே 12 எண்ணிக்கைச் சுற்றை எட்டாவது எண்ணிக்கையிலிருந்து தொடங்குகிறது. ‘ஆவர்த்தனம்’ என்று எழுதினால் இந்த இடமாற்றம் தெரியாமல் போய்விடுமோ என்பது என் கவலை. மிருதங்கம், தவில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.