மறு: ஸ்பீக்கருக்கு ‘உணர்திறன்’ உண்டா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மூன்று நாளாக ஓடும் இழையை இன்று காலைதான் ஒரே மூச்சில் படித்தேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

> கிட்டார் ஆம்ப் ஸ்பீக்கர்களின் விவரப் பட்டியலைத் தமிழில் போடுகிறேன். ‘சென்சிட்டிவிட்டி: 98 டெசிபல்’ என்று வருகிற இடத்தில் ‘உணர்திறன்’ என்று போட்டுவிடலாமா?

வேண்டாம் தம்பி. மைக்குக்கு உணர்திறன் பொருந்தும். காற்றின் அசைவை உணர்ந்து அதை மின்சாரமாக்குகிறது அது. ஸ்பீக்கர் எதை உணர்கிறது? மின்சாரத்தை வாங்கிச் சத்தம் போடுகிறது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது அவர்கள் பாடு. நாமும் அதைச் சுமக்க வேண்டியதில்லை. ‘உணர்திறன் குறைந்த ஸ்பீக்கர் இருக்கா’ என்று சென்னை ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள், அடிபட்ட சரக்குக்கு அலைகிற ஆள் என்று நினைப்பார்கள்.

சொல்லுக்கு முன் பொருள். அந்த 98 டெசிபல் என்பது, ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி வருகிற சத்தத்தின் அளவு. எனக்கு இது ஏட்டுக் கேள்வியில்லை. வீட்டில் ஒரு 15 வாட் வால்வு ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்குகிற, வெற்றிடக் குழாய் வைத்த பெட்டி) வைத்திருக்கிறேன். அதன் வால்யூம் திருகு ஒன்றில் இருந்தால் கொசு ரீங்காரம், ஒன்றரைக்குப் போனால் கல்யாண மண்டபம். கீழ்வீட்டு மாமி கதவைத் தட்டுகிறவர் இல்லை. மறுநாள் லிஃப்ட்டில் ‘நேத்து நன்னா வாசிச்சேள்’ என்பார். அதற்குக் கதவையே தட்டியிருக்கலாம்.

முதலில் ஒரு வாட் ஆம்ப் வாங்கலாமா என்று கணக்குப் போட்டேன். 15 வாட்டிலிருந்து ஒரு வாட்டுக்கு இறங்கினாலும் குறைவது 12 டெசிபலுக்குச் சற்றுக் கீழேதான். வாட்டைப் பாதியாக்கினால் 3 டெசிபல்தான் இறங்கும். பத்தில் ஒன்றாக்கினால்தான் காதுக்குச் சத்தம் பாதியானது போல இருக்கும். இதே வேலையைக் கடைசிக் கண்ணியான ஸ்பீக்கரிலும் செய்யலாம். 100 டெசிபல் ஸ்பீக்கரைக் கழற்றி 91 டெசிபல் ஸ்பீக்கரை மாட்டினால், பழைய ஸ்பீக்கருக்கு எட்டில் ஒரு பங்கு மின்சாரம் கொடுத்ததற்குச் சமம். 15 வாட் ஆம்ப் இரண்டு வாட் ஆம்ப் போலக் கேட்கும். ஆனால் உள்ளே வால்வுகள் முழு வேகத்தில் உழைத்துக்கொண்டிருக்கும். கிட்டார்காரர்களுக்கு வேண்டிய அந்தக் கரகரப்பு அங்கேதான் பிறக்கிறது.

முழுக்க அதே தொனி கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். சத்தம் குறையக் குறையக் காது அடிச்சுருதியையும் உச்சத்தையும் கொஞ்சம் கைவிட்டுவிடும். ஒலி ஆய்வாளர்களான ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வரைபடமாகப் போட்டிருக்கிறார்கள்.

இழையில் ஒருவர் ‘15 வாட் ஸ்பீக்கர் போட்டால் சத்தம் குறையுமே’ என்றிருந்தார். குறையாது ஐயா. ஸ்பீக்கர் மேல் போட்டிருக்கும் வாட், அது கருகாமல் தாங்குகிற அளவு. செலஸ்டியன் நிறுவனத்தின் அல்னிகோ புளூ 15 வாட், விண்டேஜ் 30 என்பது 60 வாட். இரண்டும் 100 டெசிபல்தான். கிரீன்பேக் என்று செல்லமாகச் சொல்லும் 25 வாட் ஸ்பீக்கர் 98. ஆக, வாட்டைப் பார்த்துச் சத்தத்தைச் சொல்ல முடியாது. அதனால்தான் இந்த இரண்டாவது எண்ணுக்குக் குழப்பமில்லாத தமிழ்ப் பெயர் வேண்டும்.

நான் மாற்றிய கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆம்பை அணைத்துவிட்டுத்தான் கம்பியைக் கழற்ற வேண்டும். வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓடவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். இதெல்லாம் தெரிந்த ஆள்தான் நான். இருந்தும் எட்டாவது திருகைக் கழற்றும்போது ஸ்க்ரூடிரைவரை காந்தம் ‘டக்’கென்று இழுத்தது, அதன் முனை கூம்புத் தாளில் இறங்கி ஒரு விரக்கடைக்குக் கிழித்துவிட்டது. டிஷ்யூ தாளும் வெள்ளைப் பசையும் வைத்து ஒட்டி, பழையதைப் பரணில் ஏற்றினேன். புதியதை மாட்டி, அதே கிட்டார் கார்டு (சுரக்கூட்டு), அதே திருகுநிலை, ஒரு மீட்டர் தள்ளி போன் செயலியில் பார்த்தேன். ஏழு டெசிபல் இறங்கியிருந்தது. அந்தச் செயலி காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், வித்தியாசத்தை ஓரளவு நம்பலாம்.

இனி சொல்.

> ‘ஒலிதிறன்’ என்றால் சுருக்கமாக இருக்குமே?

தமிழ்நாட்டுப் பாடநூலில் திறன் என்றாலே வாட். ‘தாங்குதிறன் 25 வாட், ஒலிதிறன் 98 டெசிபல், பயனுறுதிறன் 4 விழுக்காடு’ என்று ஒரே பட்டியலில் மூன்று திறன் வந்தால் படிக்கிறவர் எந்தத் திறனைப் பிடிப்பார்?

> எங்கள் பக்கம் வாட்டுக்கு ‘வலு’ என்றுதான் படித்தோம். திறன் தொல்லை உங்களுக்குத்தான். ‘ஒலி வினைத்திறன்’ எங்களுக்குக் குழப்பம் தராது.

யாழ்ப்பாணத்து அண்ணன் சொல்வது நியாயம். வலு என்ற சொல் எனக்கும் பிடிக்கும். ஆனால் வினைத்திறன் விழுக்காட்டில் சொல்வது, இது டெசிபலில் சொல்வது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கணக்கிடலாம் என்பது வேறு விஷயம். 100 டெசிபல் ஸ்பீக்கரே வாங்கும் மின்சாரத்தில் ஆறு விழுக்காட்டைத்தான் ஒலியாக்குகிறது, 91 டெசிபல் ஸ்பீக்கர் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. மிச்சமெல்லாம் உள்ளே இருக்கும் கம்பிச்சுருளான காயிலில் சூடாகப் போகிறது.

என் பரிந்துரை: ஒலிவிளைச்சல்.

இந்த எண் சொல்வது என்ன? ஒரு வாட் போட்டால், ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் வருகிறது என்பதை. ‘ஏக்கருக்கு எத்தனை மூட்டை’ என்பதேதான். ‘ஒலிவிளைவு’ என்று சுருக்க ஆசைதான், ஆனால் அதைச் சினிமாக்காரர்கள் இடி, மழை சத்தத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். விளைச்சல் பட்டிக்காட்டுச் சொல்லாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், காந்தப்புலத்தில் இருக்கும் புலம் என்ன என்று கேட்பேன். வயல்தானே? ஸ்பீக்கரின் காயில் உட்கார்ந்திருப்பதும் அந்தப் புலத்தில்தான். புலம் வலுவாக இருந்தால் விளைச்சல் கூடும். எமினன்ஸ் நிறுவனத்தின் மேவரிக், ரெயின்மேக்கர் ஸ்பீக்கர்களில் பின்னால் ஒரு குமிழ் இருக்கும். அதைத் திருகினால் இடைவெளியில் காந்தப் பாய்வு குறைந்து 9 டெசிபல் வரை சத்தம் இறங்கும். ‘புலத்தைக் குறைத்து விளைச்சலைக் குறைப்பது’ என்று சொன்னால் பள்ளிப் பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

அன்புடன்.

—

பொருள்: மறு: மறு: ஸ்பீக்கருக்கு ‘உணர்திறன்’ உண்டா?

அன்பரே, சொல் நன்று. இரண்டு ஐயங்கள். விளைச்சல் கூடினால் நல்லது என்பது நம் ரத்தத்தில் ஊறியது. வீட்டில் வாசிக்கிறவர் விளைச்சல் குறைந்ததையல்லவா தேடுகிறார்? இன்னொன்று, சில நிறுவனங்கள் ஒரு வாட்டுக்குப் பதில் 2.83 வோல்ட் கொடுத்து அளக்கிறார்களே, அங்கே இந்த உவமை நிற்குமா?

—

பொருள்: மறு: மறு: மறு: ஸ்பீக்கருக்கு ‘உணர்திறன்’ உண்டா?

ஐயா, முதல் ஐயத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ‘குறைதிறன்’ என்றால் பொருளில் பழுது என்று தோன்றும், ‘மட்டான விளைச்சல்’ என்றால் அப்படித் தோன்றாது என்பது மட்டும் என் செவிக்குப் படுகிறது.

இரண்டாவதற்கு உவமை நன்றாகவே நிற்கும். 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது சரியாக ஒரு வாட். 4 ஓம் ஸ்பீக்கரில் அதுவே இரண்டு வாட் ஆகிவிடும், 3 டெசிபல் சும்மா ஏறி நிற்கும். ஏக்கர் கணக்கா, ஹெக்டேர் கணக்கா என்று கேட்காமல் விளைச்சலை ஒப்பிட முடியுமா? அதனால் தம்பி, பட்டியலில் இப்படிப் போடுங்கள்:

ஒலிவிளைச்சல்: 98 டெசிபல் (1 வாட், 1 மீட்டர்)

அடைப்புக்குறிக்குள் இருப்பதை விட்டுவிடாதீர்கள். பெருக்குகிற வேலையை ஆம்ப் செய்ய, ஸ்பீக்கருக்கு ‘ஒலிபெருக்கி’ என்று பெயர் வைத்த வழக்கைத் தனி இழையில் எடுப்போம். இன்று எனக்கு வாசிக்க நேரம் வேண்டும், மாமி ஊருக்குப் போயிருக்கிறார்.