குவாண்டம் நிச்சயமின்மை எங்கிருந்து வருகிறது?

தூண்டில்:
எலக்ட்ரானைப் பார்க்க ஒளியைப் பாய்ச்சுகிறோம், அது மோதி உந்தத்தை மாற்றிவிடுகிறது, அதனால்தான் இடத்தையும் உந்தத்தையும் சேர்த்துத் துல்லியமாகச் சொல்ல முடியாது என்று படித்தேன். அப்படியென்றால் மோதாமல் அளக்க வழி கிடைத்தால் நிச்சயமின்மை போய்விடுமா?

கரும்பலகை:
போகாது. ஹைசன்பர்க் 1927இல் சொன்ன காமா கதிர் நுண்ணோக்கிக் கதை அது, பாடநூல்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதே ஆண்டு கென்னார்ட் நிரூபித்த சமனின்மையில் மோதல் என்ற பேச்சே கிடையாது. ஒரே மாதிரி தயாரித்த ஏராளமான எலக்ட்ரான்களை எடுத்துக்கொள்ளுங்கள். பாதியில் இடத்தை மட்டும் அளங்கள், மீதியில் உந்தத்தை மட்டும். எந்த எலக்ட்ரானையும் இரண்டு முறை தொடவில்லை, ஆனாலும் இட விடைகள் எவ்வளவு பரவிக் கிடக்கின்றன, உந்த விடைகள் எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்ற இரண்டு அளவுகளின் பெருக்கல் ஓர் எல்லைக்குக் கீழே இறங்காது.

தூண்டில்:
சரி, ஆனால் விடை முன்பே உள்ளே இருந்து, மூடிவைத்த பகடை மாதிரி நமக்குத்தான் தெரியாமல் இருக்கலாமே?

அரைச்சுழல்:
அந்தச் சந்தேகத்தைச் சோதிக்கலாம் என்று 1964இல் காட்டியவர் இயற்பியலாளர் ஜான் பெல். பிணைந்த (தூரத்தில் இருந்தாலும் விடைகள் ஒன்றோடொன்று தொடர்புபட்ட) இரு துகள்களும் விடைகளை முன்பே சுமந்து வந்தால், ஓரிடத்து அளவீடு மற்ற இடத்தைத் தொடாது என்றும் கொண்டால், பல கோணங்களில் அளந்த ஒத்திசைவுகளை (இரு பக்க விடைகளும் எவ்வளவு பொருந்துகின்றன என்ற அளவுகளை) கூட்டிக் கழித்து வரும் எண் 2ஐத் தாண்டாது (இந்த வடிவம் 1969இல் வந்தது). குவாண்டம் கணக்கு 2.83 வரை போகும். 1982இல் அஸ்பே குழு ஃபோட்டான்களை வைத்துச் செய்த சோதனையில் 2 தெளிவாகவே தாண்டப்பட்டது, 2015இல் சோதனை முறையில் சந்தேகத்துக்கு இடம் தந்த ஓட்டைகளை அடைத்துச் செய்தபோதும் அதே கதை. 2022 நோபல் இதற்குத்தான். ஆனால் நிர்ணயவாதம் (எல்லாம் முன்நிலையால் தீர்மானிக்கப்படுகிறது என்ற கருத்து) செத்துவிட்டது என்று எழுதுகிறார்களே, அது மிகை. 1952இல் டேவிட் போம் கொடுத்த கோட்பாட்டில் எல்லாம் நிர்ணயமாகவே நடக்கிறது, விலையாக ஓரிடத்து நிகழ்வு தொலைவில் இருப்பதை உடனே பாதிக்கும் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

கரும்பலகை:
ஒன்று விட்டுப்போனது. ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் அலைச்சார்பு (துகளின் நிலையை விவரிக்கும் கணிதச் சார்பு) துளியும் பிசகாமல்தான் நகர்கிறது. நிகழ்தகவு நுழைவது அளக்கும் இடத்தில், 1926இல் மாக்ஸ் போர்ன் சேர்த்த விதியால்: அலைச்சார்பு அளவின் வர்க்கமே நிகழ்தகவு. (வர்க்கம் எடுக்க வேண்டும் என்பதையே அவர் அடிக்குறிப்பில்தான் திருத்தினார்!)

தூண்டில்:
அப்புறம் இந்த டிகோஹெரன்ஸ்? அளக்கும்போது வரும் இந்தச் சிக்கலை அது தீர்த்துவிட்டது என்கிறார்களே?

அரைச்சுழல்:
பாதிதான். துகள் சூழலோடு சிக்கியதும் குறுக்கீட்டு விளைவு (அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கூடியும் குறைந்தும் தெரிவது) ஏன் கண்ணில் படாமல் போகிறது என்று அது சொல்லும். இருக்கும் வாய்ப்புகளில் இந்த ஒன்று மட்டும் ஏன் நடந்தது என்று சொல்லாது. அங்கே போர்ன் விதியைக் கையால்தான் சேர்க்கிறோம், அல்லது பல உலகங்கள் விளக்கம் தந்த எவரெட் சொன்னதுபோல எல்லா வாய்ப்புகளுமே நடக்கின்றன என்று ஏற்கிறோம்.