இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாப் பகுதியின் பழைய இடவிளக்கப்படம் தேவை

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாயி பிறந்த லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பு) எந்த இடத்தில் இருந்தது என்பதைத் தேடி வருகிறேன். அவருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தோட்டத்தின் பெயர் மட்டுமே இருக்கிறது. அவர் சொன்ன கீழ்க்கணக்கோ (அந்தத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு), 1960களின் பிற்பகுதியில் மவுசாகலை நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரத்தோடு சேர்ந்து நீருக்கடியில் போய்விட்டது. நில அளவைத் திணைக்களத்தின் இப்போதைய 1:50,000 தாளில் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் நீலநிறமாகத்தான் தெரிகிறது.

ஆகவே, அணை கட்டப்படுவதற்கு முன்பு அதே திணைக்களம் ஒரு மைலுக்கு ஓரங்குலம் என்ற அளவில் அச்சிட்ட தாள்களில் இந்தப் பகுதிக்குரியது யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து மடிப்புகள் தெரியாதபடி விரித்து, ஓரத்திலுள்ள பதிப்பாண்டும் கட்டக்கோடுகளின் எண்களும் விழும்படி ஸ்கேன் செய்து பகிருங்கள். அந்த எண்கள் மிகவும் முக்கியம். பிதுருதலாகல மலையை ஆதாரமாகக் கொண்ட பழைய கட்டக்கோட்டு அமைப்பை இன்றைய செய்மதிப் படத்தோடு பொருத்த அவையே உதவும். அப்படிப் பொருத்திப் பழகியவர்கள் எந்த மென்பொருளைப் பயன்படுத்தினீர்கள் என்றும் கூறுங்கள்.

ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை), கோயில், ஆற்றுப்பாலம் ஆகியவை எங்கிருந்தன என்று நினைவிருக்கும் பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். வரைபடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அவர்களுடைய வயதை எண்ணும்போது இதுவே அவசரமாகத் தோன்றுகிறது.